விடுப்புச் சம்பளம் கூடுதலாக வந்துவிட்டது, திருப்பிக் கட்டணுமா?

வாசகர் கேள்வி – பதில்

தணிக்கை முடிந்த கையோடு எழுதப்பட்ட கடிதங்கள் என்பது படித்த உடனே தெரிகிறது. எடுத்த விடுப்பு, வந்த சம்பளம், பிறகு ஒரு நாள் 'ரெக்கவரி', அதாவது கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கிறோம் என்று ஒரு குறிப்பாணை. இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஊர்ப் பெயரைத் தவிர மற்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் இளநிலை உதவியாளர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக 45 நாள் ஈட்டிய விடுப்பு எடுத்தேன். அனுமதி ஆணை வந்தது, முழுச் சம்பளமும் வந்தது. இப்போது தணிக்கையில், அன்றைய தேதியில் என் கணக்கில் இருந்தது 20 நாள்தான், மீதி 25 நாளுக்குச் சம்பளம் கொடுத்தது தவறு, 45,000 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறார்கள். "சம்மதம்னு ஒரு கடிதம் கொடுத்திடும்மா, பத்து தவணையாப் போட்டுடறேன்" என்கிறார் எங்கள் கண்காணிப்பாளர். கொடுக்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தக் கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் அம்மா. கண்காணிப்பாளர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தணிக்கைத் தடையை முடித்துக் கோப்பைக் கட்டி வைக்க அவருக்கு ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட நொடியிலிருந்து அது "ஊழியரே ஒப்புக்கொண்ட தொகை" ஆகிவிடும், அப்புறம் கணக்கே தப்பு என்று தெரிந்தாலும் அந்தக் காகிதம் உங்களைத்தான் இழுக்கும்.

முதலில் பணிப்பதிவேட்டில் உள்ள விடுப்புக் கணக்கின் நகலை வாங்குங்கள். கேட்டால் தருவார்கள். இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் கைக்கு வந்ததும் ஜனவரி 1, ஜூலை 1 என்ற இரண்டு தேதிகளை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நிரந்தரப் பணியாளருக்கு ஒவ்வொரு அரையாண்டுத் தொடக்கத்திலும் 15 நாள் வரவு வைக்க வேண்டும். நீங்கள் இடமாறுதலில் போன அரையாண்டு, மகப்பேறு விடுப்பில் இருந்த அரையாண்டு, பழைய அலுவலகம் பதிவேட்டை அனுப்பத் தாமதித்த அரையாண்டு, இந்த மூன்றிலும்தான் வரவு விட்டுப்போகும். ஒரே ஒரு 15 நாள் விட்டுப்போயிருந்தால் உங்கள் அன்றைய இருப்பு 20 அல்ல, 35. அப்போது கூடுதலாகப் போனது 10 நாள் மட்டும். நாளுக்கு 1,800 ரூபாய் என்றுதானே அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அந்தக் கணக்குப்படியே 45,000 என்பது 18,000 ஆகிவிட்டது, ஒரு வழக்கறிஞரும் தேவைப்படவில்லை.

அந்த 10 நாளையும் ஊதியமில்லா விடுப்பாக மாற்றித்தான் தீர வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. சொந்தக் காரணத்துக்கான ஈட்டா விடுப்பு உங்கள் கணக்கில் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். அதற்கு அரைச் சம்பளம் உண்டு. ஒரு வகை விடுப்பை இன்னொரு வகையாக மாற்றும் அதிகாரம் அனுமதித்த அலுவலருக்கு இருக்கிறது. உரிமையாகக் கேட்க முடியாது, வேண்டுகோளாகக் கேட்கலாம். கிடைத்தால் திருப்பிக் கட்ட வேண்டியது ஏறக்குறைய பாதியாகிவிடும். இதைவிட முக்கியமானது இன்னொன்று: ஊதியமில்லா விடுப்பு என்று பதிவானால் விஷயம் அந்தப் பணத்தோடு நிற்காது, ஆண்டு ஊதிய உயர்வு தள்ளிப் போகும், அடுத்த தணிக்கையில் "ஊதிய உயர்வைத் தள்ளி வைக்காமல் கொடுத்ததும் தவறு" என்று இன்னொரு பத்தி வரும். தணிக்கைக்காரர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இவ்வளவும் செய்தபின் மிச்சம் ஒரு தொகை நிற்கிறது என்றால், அங்கேதான் சட்டம் வருகிறது. 2014 டிசம்பர் 18-இல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசி என்பவருக்கும் இடையிலான வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஊழியர் தவறு ஏதும் செய்யாமல், அலுவலகத்தின் பிழையால் கூடுதல் பணம் போயிருந்தால், சில நிலைகளில் அதைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்றது. 'சி', 'டி' பிரிவு, அதாவது கீழ்நிலைப் பதவி ஊழியர்களிடம் கூடாது. ஓய்வு பெற்றவர்களிடமும், பிடித்தம் செய்யும் ஆணை வரும் நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்களிடமும் கூடாது. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்குக் கூடுதலாகக் கொடுத்து வந்திருந்தால் கூடாது. மேல்பதவி வேலையைத் தவறாக வாங்கிக்கொண்டு அதற்கான சம்பளத்தைக் கொடுத்திருந்தால் கூடாது. இவை தவிர, பிடித்தால் அது மிகக் கடுமையாக, நியாயத்துக்குப் புறம்பாக இருக்கும் என்று நீதிமன்றம் நினைக்கும் வேறு எந்த நிலையிலும் கூடாது. இளநிலை உதவியாளர் 'சி' பிரிவு. ஆகவே முதல் நிலையிலேயே நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

எதிர்த்தரப்பு ஒரே ஒரு இடத்தில் கை வைக்கும். விடுப்பு விண்ணப்பத்தில் "இருப்பு 45 நாள்" என்று எழுதியது யார்? நீங்களே எழுதியிருந்தால் கொஞ்சம் சிக்கல். பிரிவு எழுத்தர் பதிவேட்டைப் பார்த்து எழுதினார், அலுவலர் கையெழுத்திட்டார் என்றால் உங்கள் கை சுத்தம். விண்ணப்ப நகலையும் சேர்த்து வாங்குங்கள் என்பது அதற்காகத்தான். பதில் விளக்கத்தில் கணக்குப் பிழையை முதலிலும், விடுப்பு மாற்ற வேண்டுகோளை அடுத்தும், தீர்ப்பைக் கடைசியிலும் எழுதுங்கள். தீர்ப்பை முதல் வரியில் எழுதினால் படிக்கிறவர் மீதியைப் படிக்க மாட்டார், "கோர்ட்டுக்குப் போகிற ஆள்" என்று கோப்பை அரசு வழக்கறிஞர் கருத்துக்கு அனுப்பிவிடுவார்.

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். எங்களிடம் 500 ரூபாய் கூடப் போனால்கூட அடுத்த மாதமே பிடித்துவிடுவார்கள், யாரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போவதில்லை. நாங்கள் கட்டுகிற வரிப்பணம் அரசு ஊழியருக்குத் தப்பாகப் போனால் மட்டும் ஏன் திரும்பி வரக் கூடாது?
— வாசகர், திருப்பூர்

பதில்: நியாயமான கோபம். நீங்கள் கேட்பதை உச்ச நீதிமன்றமே ஒரு முறை கேட்டிருக்கிறது. 2012-இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில், உத்தராகண்டில் கூடுதல் சம்பளம் பெற்ற ஆசிரியர்கள் சம்பந்தப்பட்டது அது, இந்தப் பணம் கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை, வரி கட்டியவர்களின் பணம், சட்டப்படி பாதுகாப்பு இல்லாத இடத்தில் திருப்பித்தான் தர வேண்டும் என்று சொன்னது. அரசு வழக்கறிஞர்கள் இன்றும் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் உங்கள் நிறுவனம் அடுத்த மாதமே பிடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் பிழை நடந்து பன்னிரண்டு வருடம் கழித்து, அந்த ஆள் ஓய்வு பெறும் வாரத்தில் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குள் அந்தப் பணம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவும் வீட்டு வாடகையாகவும் போய் முடிந்திருக்கும். வாங்கியவர் ஓர் அலுவலக உதவியாளர் என்றால் இரண்டு லட்ச ரூபாயை அவர் எங்கே போய்ப் புரட்டுவார்? மாதா மாதம் சரிபார்த்து அடுத்த மாதமே பிடிக்கிற அரசு அலுவலகத்தை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை. குறுகிய காலத்தில் கண்டுபிடித்துத் திருத்திய பிழைக்குப் பிடித்தம் செய்யலாம் என்று 2009-இலேயே சையத் அப்துல் காதிர் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். தூங்கிவிட்டு எழுந்து வருகிறவர்களுக்குத்தான் தடை.

கேள்வி: வட்டாரக் கல்வி அலுவலராக ஓய்வு பெற்றேன். 240 நாள் ஈட்டிய விடுப்புக்குப் பணம் கேட்டுக் கருத்துரு போனது. அதற்கு முன் பள்ளியில் இருந்தபோது ஆறு ஆண்டுகள் எனக்கு வருடத்துக்கு 17 நாளுக்குப் பதில் 30 நாள் வரவு வைத்துவிட்டார்களாம். ஆகவே 78 நாளைக் கழித்து 162 நாளுக்குத்தான் பணம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் நான் சரண்டர் செய்து (விடுப்பு நாள்களைக் கொடுத்துவிட்டுப் பணமாக) வாங்கிய தொகையிலும் ஒரு பகுதியைப் பணிக்கொடையில் பிடிப்பார்களாம். ஓய்வு பெற்றவரிடம் பிடிக்கக் கூடாது என்ற தீர்ப்பைக் காட்டினால் போதுமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது மேடம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் பின்னிக்கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே கைக்கு வந்து செலவான பணத்தைத் திரும்பக் கேட்பது ஒன்று. சரண்டர் தொகை அந்த வகை. அதற்கு ரஃபீக் மசி தீர்ப்பு நேராகப் பொருந்தும். நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள், பணிக்கொடையில் கை வைக்க முடியாது. இதே போல ஒரு கேரள ஆசிரியரின் வழக்கு, தாமஸ் டேனியல் வழக்கு என்று தேடினால் கிடைக்கும், 2022 மே 2-இல் முடிந்தது. ஊதியமில்லா விடுப்பில் இருந்த காலத்தைத் தவறாகக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று மாநிலக் கணக்காயர் அலுவலகம் சுட்டிக்காட்ட, அவருடைய பணிக்கொடையில் பிடிக்கப் பார்த்தார்கள். மனிதர் 1999-இல் ஓய்வு பெற்றவர். விதியைத் தவறாகப் புரிந்துகொண்டது அலுவலகம், ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை, பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகாது, அவர் வாங்கித் தந்த தீர்ப்பு இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

இன்னும் கொடுக்காத பணத்தைச் சரியான நாள் கணக்கில் கொடுப்பது இரண்டாவது. இது ரெக்கவரியே அல்ல. கணக்கில் இல்லாத நாளுக்குப் பணம் கொடு என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அந்த 78 நாள் உண்மையிலேயே தப்பான வரவு என்றால் திருத்த அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை இருப்பதால் வருடத்துக்கு 17 நாள் என்பதும் சரிதான். பெரும்பாலும் மாற்றுப் பணியில் ஏதோ அலுவலகத்துக்குப் போய்த் திரும்பியிருப்பீர்கள், எழுத்தர் பழைய 30-ஐயே தொடர்ந்திருப்பார்.

அப்படியானால் தோல்விதானா என்றால், இல்லை. 240-இலிருந்து 78-ஐ நேராகக் கழித்திருக்கிறார்களே, அந்தக் கழித்தல்தான் தப்பு. ஈட்டிய விடுப்பு 240 நாளுக்கு மேல் சேராது, அதற்கு மேல் வருவது காலாவதி. இப்படிப் பாருங்கள்: பள்ளியை விட்டு வட்டாரக் கல்வி அலுவலராகப் போன அன்று உங்கள் கணக்கில் 150 நாள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 78-ஐக் கழித்தால் 72. அதன்பின் ஒன்பது வருடம் அலுவலகப் பணி, வருடத்துக்கு 30 நாள், மொத்த வரவு 270. இடையில் 60 நாள் விடுப்பு எடுத்திருந்தாலும், 72-இலிருந்து தொடங்கிய சரியான கணக்கே 240-ஐத் தொட்டிருக்கும். 150-இலிருந்து தொடங்கிய தப்பான கணக்கு அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே 240-ஐத் தொட்டு, மேலே வந்த நாள்களையெல்லாம் இழந்திருக்கும். இரண்டு கணக்கும் ஒரு முறை 240-இல் சந்தித்துவிட்டால் அதற்குப் பிறகு இரண்டுக்கும் ஒரு நாள்கூட வித்தியாசம் கிடையாது. அந்த 78 நாள் தானாகவே கரைந்துபோன கதை இது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: தவறு தொடங்கிய அரையாண்டிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை, ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1-க்கும் வரவு, செலவு, இருப்பு என்று புதிதாகக் கணக்கு எழுதி நகல் தாருங்கள். ஒரு பெரிய தாளில் நீங்களே முதலில் போட்டுப் பாருங்கள், ஒரு மத்தியான நேரம் போதும். முடிவு 240 என்று வந்தால் அந்தத் தாளையே மனுவோடு இணையுங்கள். 200 என்று வந்தால் 200-க்கு ஒப்புக்கொள்ளுங்கள். கணக்கு முடியும் வரை ஒன்றுமே தர மாட்டோம் என்று மொத்தத்தையும் நிறுத்தி வைத்தால், அதற்கும் பதில் இருக்கிறது. ஓய்வூதியம், பணிக்கொடை, விடுப்புப் பணம் எல்லாம் ஊழியரின் சொத்து, சட்ட விதி ஒன்றின் துணை இல்லாமல் வெறும் நிர்வாக உத்தரவால் நிறுத்தக் கூடாது என்று 2013-இல் ஜார்க்கண்ட் அரசுக்கும் ஜிதேந்திர குமார் ஸ்ரீவஸ்தவாவுக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. தகராறு இல்லாத 162 நாளுக்கான பணத்தை உடனே கேளுங்கள். "மீதிக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

வழக்கு என்று வந்தால் உங்கள் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. மாநில ஊழியர்களுக்கு இருந்த நிர்வாகத் தீர்ப்பாயத்தைக் கலைத்துப் பல வருடம் ஆகிவிட்டது, இன்னும் அங்கே மனுப் போடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 'பி' பிரிவு அதிகாரி. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 485 நாள் எடுத்தேன். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்ததற்கு 80 சதவீதம் என்று விதி, ஆனால் 2022-இல் கடைசி நான்கு மாதத்துக்கும் முழுச் சம்பளமே போட்டுவிட்டார்கள். இப்போது 76,000 ரூபாய் கேட்கிறார்கள். ஏழாவது ஊதியக் குழு வந்தபோது "கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தோமே, அதனால் நான் எதுவும் பேச முடியாது என்கிறார் நிர்வாக அதிகாரி. உண்மையா?
— வாசகி, திருச்சி

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. உறுதிமொழி கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று 2016 ஜூலையில் ஜக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரியானாவில் நீதித் துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், ஓய்வு பெற்றவர் என்பதால் பிடிக்கக் கூடாது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஆனால் அந்த உறுதிமொழி எதற்குக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். திருத்திய ஊதிய விகிதத்தில் சம்பளம் நிர்ணயிப்பதில் பிழை இருந்தால் திருப்பித் தருகிறேன் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் 2016 வாக்கில் கையெழுத்திட்ட தாளின் நகலை வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். ஊதிய நிர்ணயம் மட்டும் அதில் இருந்தால், 2022-இல் நடந்த விடுப்புச் சம்பளப் பிழைக்கு அதை இழுப்பது சரியல்ல என்று வாதாடலாம்.

வாதாடலாம் என்றுதான் சொல்கிறேன், ஜெயிக்கலாம் என்று சொல்லவில்லை. நீங்கள் 'பி' பிரிவு, பணியில் இருக்கிறீர்கள், ஐந்து வருடம் ஆகவில்லை, 80 சதவீத விதியும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ரஃபீக் மசி சொன்ன நிலைகளில் நீங்கள் நேராக எதிலும் இல்லை. மத்திய அரசு அந்தத் தீர்ப்பை ஏற்று 2016 மார்ச் 2-ஆம் தேதி பணியாளர் துறை மூலம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அந்த நிலைகளில் வருகிறவர்களுக்குச் செலவினத் துறை ஒப்புதலோடு தள்ளுபடி உண்டு என்கிறது அது, மற்றவர்களுக்கு வாசல் ரொம்பக் குறுகல்.

உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் நான் சொல்வது, தவணைக்குப் பேசுங்கள். ஜக்தேவ் சிங் வழக்கில்கூடப் பணத்தை இரண்டு வருடத்தில் சமமான மாதத் தவணைகளாகப் பிடிக்கச் சொன்னார்கள். அதைக் காட்டி 24 மாதம் கேளுங்கள், மாதம் 3,200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதற்கு முன் 485-ஐ ஒரு முறை எண்ணிப் பாருங்கள், இடையில் வேறு வகை விடுப்பாக மாற்றிய நாள்கள் இதற்குள் சேர்ந்திருக்கின்றனவா என்று. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால் இறுதி ஆணை வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், மனு மேல் மனுப் போட்டுக்கொண்டே அந்த ஒரு வருடத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

கேள்வி: போன மாதச் சம்பளத்தில் 31,000 ரூபாய் கூட வந்தது. ஊதியமில்லா விடுப்பில் இருந்த நாள்களைக் கழிக்க மறந்துவிட்டார்கள் போல. அவர்களாகக் கேட்கட்டும் என்று இருக்கிறேன். 'சி' பிரிவுதான். தீர்ப்பு என்னைக் காப்பாற்றுமா?
— பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: காப்பாற்றாது. கூட வந்தது தெரிந்தே வைத்திருந்தார் என்று நிரூபிக்கப்பட்டால் திரும்ப வாங்கலாம் என்று முன்னே சொன்ன 2009 தீர்ப்பிலேயே இருக்கிறது. தெரியும் என்று எனக்கே எழுதிவிட்டீர்கள். இந்த வாரமே பணம் பெற்று வழங்கும் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பட்டியலில் சரி செய்துவிடுவார்கள், பெரிய வேலையே இல்லை. கடிதம் கொடுத்த பிறகும் அவர்கள் மூன்று வருடம் சும்மா இருந்தால், அந்தக் கடிதம் அன்றைக்கு உங்களுக்குத் துணை நிற்கும்.

கேள்வி: இவ்வளவு பேரும் பிடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வாங்கினால், பட்டியல் போட்ட எங்கள் கதி என்ன? நான் பட்டியல் எழுத்தராக இருந்தபோது 2019-இல் ஓர் ஊழியரின் 15 நாள் சரண்டர் பணம் பட்டியலில் போய்விட்டது, பதிவேட்டில் கழிக்க விட்டுப்போனது. அவர் அந்த 15 நாளையும் விடுப்பாக எடுத்துத் தீர்த்துவிட்டார். இப்போது "அவரிடம் வாங்கு, இல்லையேல் நீ கட்டு" என்று எனக்கு வாய்மொழியாகச் சொல்கிறார்கள்.
— வாசகர், கடலூர்

பதில்: வாய்மொழியாக யாரும் யாரிடமும் பணம் வாங்க முடியாது. ஊழியரின் கவனக்குறைவால் அரசுக்கு இழப்பு ஏற்பட்டால் அதை அவர் சம்பளத்தில் பிடிப்பது என்பது தமிழ்நாடு குடிமுறைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் ஒரு தண்டனையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. தண்டனை என்றால் குறைந்தபட்சம் அந்த விதிகளின் 17(அ)-வின் கீழ்க் குறிப்பாணை கொடுத்து, விளக்கம் வாங்கி, காரணம் எழுதி ஆணையிட வேண்டும். அது வரும் வரை பத்துப் பைசா கட்டாதீர்கள். "நானே கட்டிவிடுகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள்" என்று முந்திக்கொண்டு செலான் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு அந்தச் செலானே தவறை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகக் கோப்பில் உட்கார்ந்துவிடும்.

குறிப்பாணை வந்தால் விளக்கத்தில் மூன்று பேரை எழுதுங்கள். பதிவேட்டில் பதிவது உங்கள் வேலையா, பணியமைப்புப் பிரிவின் வேலையா? பல அலுவலகங்களில் பட்டியல் ஒரு மேசையில், பதிவேடு இன்னொரு மேசையில். பிற்பாடு விடுப்பை அனுமதித்தபோது இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் யார்? பட்டியலில் கையெழுத்திட்ட அலுவலர் பதிவேட்டையும் பார்த்தாரா? இழப்பு எத்தனை மேசைகளைத் தாண்டி வந்ததோ அத்தனை மேசைகளுக்கும் பங்கு உண்டு. உங்களைப் போன்ற கடைசி நாற்காலிக்காரர் ஒருவர் தலையில் மட்டும் முழுவதையும் கட்டினால் மேல்முறையீட்டில் நிற்காது என்பது என் கருத்து.

அந்த ஊழியரிடம் பிடிக்க முடியுமா என்பது தனி. ஆறு வருடம் ஆகிவிட்டதே, ஐந்து வருடத் தடை இருக்கிறதே என்று அவர் சொல்லலாம். தீர்ப்பின் சொற்களோ, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்குக் கூடுதலாகக் கொடுத்து வந்திருந்தால் என்று இருக்கின்றன. ஒரே ஒரு முறை போன சரண்டர் அதில் அடங்குமா என்று இரண்டு பக்கமும் பேச இடமுண்டு. சரண்டர் பணமும் வாங்கி, அதே 15 நாளை விடுப்பாகவும் எடுத்தது அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்ற கேள்வியும் வரும். ஆனால் அவர் இன்னும் பணியில் இருக்கிறார், கணக்கில் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருக்கிறது என்றால் இந்தச் சண்டையே வேண்டாம். விட்டுப்போன 15 நாளை இப்போதைய இருப்பில் கழிக்க அவரிடமே ஒரு சம்மதக் கடிதம் கேளுங்கள். மேலே திண்டுக்கல் வாசகியிடம் சம்மதக் கடிதம் கொடுக்காதீர்கள் என்றவன்தான் இதையும் சொல்கிறேன். அங்கே கணக்கு சரிபார்க்கப்படவில்லை, கேட்டது பணம். இங்கே பிழை எது என்று இருவருக்கும் தெரியும், போவது நாள்கள் மட்டும். அலுவலர் ஒப்புதலோடு கழித்து, பதிவேட்டில் சிவப்பு மையில் குறிப்பெழுதி, தணிக்கைப் பத்திக்குப் பதிலாக அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பினால் பத்தி கைவிடப்பட நல்ல வாய்ப்பிருக்கிறது.

2020-இல் கொரோனாவைச் சொல்லி நிறுத்திய சரண்டரை 2025 அக்டோபரிலிருந்து மறுபடி திறந்திருக்கிறார்கள். அதனால் இப்போது பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒன்று: களஞ்சியத்தில் (அரசின் சம்பளப் பட்டியல் மென்பொருள்) ஏற்றிவிட்டோம், அது பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். சரண்டர் ஆணையின் நகல் மேசையை விட்டுப் போவதற்குள் பதிவேட்டை எடுத்துக் கழித்து, அலுவலரின் சுருக்கொப்பத்தையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். அவர் முகாமுக்குப் போய்விட்டால் அது அடுத்த தணிக்கை வரை அப்படியேதான் கிடக்கும்.